பயங்கரவாத ஆய்வு மையத்தில் என்ன வேலை? நீலகிரி மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

பயங்கரவாதம், சர்வதேசப் பாதுகாப்பு ஆகியவற்றை ஆராயும் பல்கலைக்கழக மையங்கள் எப்படி இயங்குகின்றன, அங்கே போய்ச் சேர என்ன தேவை, மலையில் இருந்துகொண்டே எதைத் தொடங்கலாம் என்று ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்து மாணவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. அவரவருக்கு வேண்டிய கேள்வியை மட்டும் படித்தாலும் போதும். பதிவு செய்வது பற்றிய பதிலையும் நேர்காணல் பற்றிய பதிலையும் மட்டும் தவறவிட வேண்டாம்.

இது உளவு வேலையா, போலீஸ் வேலையா?

இரண்டும் இல்லை. போலீசுக்கு ஒரு வழக்கு, அதில் யார் குற்றவாளி என்பது நிரூபணமாக வேண்டும். ஆய்வாளர் முன்னால் ஐந்நூறு சம்பவங்கள் இருக்கும். அவற்றில் பொதுவாக என்ன தெரிகிறது, ஓர் அமைப்பு ஏன் ஆயுதத்தை எடுத்தது, ஏன் கீழே வைத்தது, எந்தச் சட்டம் பலன் தந்தது, எது எதிர்விளைவை உண்டாக்கியது என்பதையே அவர் தேடுகிறார். நடந்து முடிந்தவையும் எல்லாரும் பார்க்கக்கூடிய ஆவணங்களும்தான் அவருடைய கச்சாப்பொருள்.

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் 1994-ல் இதற்கென ஒரு மையத்தைத் தொடங்கியது. இஸ்ரேலில் ஹெர்ஸ்லியாவில் 1996-லும், சிங்கப்பூரின் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2004-லும், அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 2005-லும் இதே போன்ற மையங்கள் வந்தன. உலகப் பயங்கரவாதத் தரவுத்தளத்தைப் பராமரிப்பது மேரிலாந்து மையம். இந்தியாவில் தில்லியில் 1965 முதல் இயங்கும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததல்ல, அரசு நிதியில் நடப்பது. இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். யார் பணத்தில் ஆய்வு நடக்கிறதோ அவர்களுடைய கேள்விகளே முதலில் கேட்கப்படும். ஓர் அறிக்கையைக் கையில் எடுத்ததும் நிதி யாருடையது என்ற பக்கத்தைப் பார்த்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

வெலிங்டன் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறதே, அங்கே சேரலாமா?

முடியாது. 1947 முதல் வெலிங்டனில் இருக்கும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி, முப்படைகளிலும் இடைநிலைப் பதவியில் இருக்கும் அதிகாரிகளுக்கானது. நட்பு நாடுகளின் அதிகாரிகளும் வருவார்கள். அங்கே படிப்பை முடிப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டம் கிடைக்கிறது. மற்றவர்களுக்கும் அதே பல்கலைக்கழகத்தின் வாசல் திறந்திருக்கிறது. சென்னையில் உள்ள அதன் பாதுகாப்பு, போர்த்திறவியல் துறைக்கு எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம்.

பயங்கரவாதம் என்றால் என்ன என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட வரையறை உண்டா?

கிடையாது. ஐ.நா.வில் ஒரு பொது உடன்படிக்கைக்கான வரைவை இந்தியா 1996-ல் முன்வைத்தது. அது இன்றும் முடிவாகவில்லை. விடுதலைப் போராட்டத்தை எங்கே வைப்பது, ஓர் அரசின் படை செய்வதைச் சேர்ப்பதா என்ற இரண்டு இடங்களில் பேச்சு நின்றுபோகிறது. டச்சு ஆய்வாளர் அலெக்ஸ் ஷ்மிட் 1980-களில் தேடியபோது 109 வரையறைகள் கிடைத்தன. இந்தியச் சட்டத்தில் 1967-ஆம் ஆண்டுச் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு ஒரு வரையறை தருகிறது. அது நீதிமன்றத்துக்கு உரியது. ஆய்வுக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டால் இலங்கையையோ கொலம்பியாவையோ இந்தியாவோடு ஒப்பிட முடியாது.

அதனால் மையங்கள் தங்கள் வேலைக்கான வரையறையை முன்கூட்டியே எழுதி வெளியிட்டுவிடுகின்றன. மேரிலாந்து தரவுத்தளத்தில் ஒரு சம்பவம் இடம்பெற மூன்று நிபந்தனைகள் கட்டாயம்: செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டிருக்க வேண்டும், வன்முறையோ வன்முறை மிரட்டலோ இருக்க வேண்டும், செய்தவர்கள் அரசு அல்லாதவர்களாக இருக்க வேண்டும். இவற்றுக்கு மேல் இன்னும் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்: அரசியல், பொருளாதார, மத அல்லது சமூக நோக்கம், பாதிக்கப்பட்டவரைத் தாண்டி இன்னொரு கூட்டத்தை மிரட்டவோ அவர்களுக்குச் செய்தி சொல்லவோ முயல்வது, போர்ச் சட்டம் அனுமதிக்கும் எல்லைக்கு வெளியே நடந்திருப்பது. இந்த வரையறை உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் எல்லாருக்கும் தெரியும்படி எழுதப்பட்டிருக்கிறது, எந்தச் சம்பவத்துக்கும் ஒரே அளவுகோல். இவை இரண்டும் இல்லாத எண்ணிக்கையை நம்ப வேண்டாம்.

ஒரு சம்பவத்தைப் பதிவு செய்வது என்றால் சரியாக என்ன செய்கிறார்கள்?

மையத்தில் சேரும் புதியவருக்கு முதலில் கிடைப்பது இந்த வேலைதான். சலிப்பான வேலை என்று பலரும் நினைப்பார்கள். மற்ற எல்லா ஆய்வும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஒரு சம்பவத்துக்கு ஒன்றையொன்று நகலெடுக்காத இரண்டு செய்திகளாவது தேவை. ஒரே செய்தி நிறுவனத்தின் செய்தியை ஐந்து நாளிதழ்கள் போட்டிருந்தால் அது ஐந்து ஆதாரம் ஆகாது, ஒன்றுதான். பிறகு தேதி, இடம், ஆயுதம், இலக்கு, பொறுப்பேற்றவர், இறந்தோர், காயமடைந்தோர் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும். மேரிலாந்து முறையில் ஒவ்வொரு சம்பவத்துக்கும் 12 இலக்க எண் உண்டு. முதல் எட்டு இலக்கம் ஆண்டு, மாதம், நாள். கடைசி நான்கு அன்றைய வரிசை. நாள் தெரியாவிட்டால் அந்த இரண்டு இடத்தில் பூஜ்ஜியம். ஊகித்து ஒரு நாளை எழுதிவிடக் கூடாது.

நிபந்தனைகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் இடம்தான் கடினம். நம் பக்கத்துச் சம்பவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2000 ஜூலை 30 அன்று தாளவாடி அருகே காஜனூரில் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினார். 108 நாள் கழித்து நவம்பர் 15-ல்தான் அவர் விடுதலையானார். இது கொள்ளையா, பயங்கரவாதமா? வேண்டுமென்றே செய்தது, சரி. மிரட்டல், சரி. அரசு அல்லாதவர், சரி. கோரிக்கைகளில் காவிரி நீரும், கர்நாடகத்தில் தமிழுக்கான இடமும், சிறையில் இருந்தவர்களின் விடுதலையும் இருந்தன. அரசியல் நோக்கம் இருக்கிறது. ஒருவரைப் பிடித்துவைத்து இரண்டு மாநில அரசுகளிடம் பேசியிருக்கிறார்கள். ஆக, பொருந்துகிறது. அதே ஆள் சந்தனக் கட்டைக்காகவும் தந்தத்துக்காகவும் வனத்துறையினரைக் கொன்ற சம்பவங்களில் பெரும்பாலானவை பொருந்தா. ஆளைப் பார்த்து முத்திரை குத்துவது பத்திரிகைக்குச் சரியாக இருக்கலாம். பதிவு செய்பவர் ஒவ்வொரு செயலையும் தனித்தனியாக எடை போட வேண்டும். முடிவெடுக்க முடியாத சம்பவத்துக்கு ‘ஐயம்’ என்றே ஒரு கட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வெட்கப்படாதீர்கள்.

இரண்டாவது எடுத்துக்காட்டு 2021 டிசம்பர் 8. சூலூரிலிருந்து வெலிங்டன் வந்த ராணுவ ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். 14-ஆவது நபர் ஒரு வாரம் கழித்து இறந்தார். அன்று மாலையே சதி என்ற பேச்சு கைப்பேசிகளில் ஓடியது. சதிவேலையோ இயந்திரக் கோளாறோ இல்லை, பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் நுழைந்ததில் விமானி இருக்கும் நிலையும் திசையும் பற்றிய உணர்வை இழந்தார் என்று முப்படை விசாரணை 2022 ஜனவரியில் சொன்னது. அந்த மேகம் எவ்வளவு வேகமாக இறங்கும் என்று குன்னூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அன்று மாலைச் செய்தியை வைத்துப் பதிவு செய்திருந்தால் ஒரு விபத்து பயங்கரவாதக் கணக்கில் ஏறியிருக்கும். புதிய சம்பவத்தை உடனே குறித்து வையுங்கள். முடிவான பதிவைச் சில வாரங்கள் தள்ளிப் போடுங்கள்.

மூன்றாவது, 1998 பிப்ரவரி 14, கோவை. ஒரே பிற்பகல், பல இடங்களில் குண்டு, 58 பேர் மரணம். இதை ஒரு சம்பவம் என்று எழுதுவதா, பன்னிரண்டு என்று எழுதுவதா? நேரமோ இடமோ தொடர்ச்சியாக இல்லாவிட்டால் தனிச் சம்பவம் என்பது மேரிலாந்து விதி. எனவே பலவாகப் பிரித்து, ‘தொடர்புள்ளவை’ என்ற கட்டத்தால் கட்ட வேண்டும். இறந்தோர் எண்ணிக்கை மொத்தமாக மட்டும் தெரிந்தால் பிரித்துப்போடும்போது தசமப் புள்ளி வரும். முழு எண்ணாக்கிவிட்டால் கூட்டும்போது மொத்தம் மாறிவிடும். தசமத்தை அப்படியே விடுங்கள்.

எந்த இடத்தில் அதிகம் தவறு நேர்கிறது?

ஊர்ப்பெயரில். கூடலூர் நீலகிரியிலும் இருக்கிறது, தேனி மாவட்டத்திலும் இருக்கிறது. உதகமண்டலம், ஊட்டி, உதகை மூன்றும் ஒன்று என்பது கணினிக்குத் தெரியாது. ஆங்கிலச் செய்தியிலிருந்து ஒருவரும் தமிழ்ச் செய்தியிலிருந்து ஒருவரும் பதிந்தால் ஒரே சம்பவம் இரண்டாகிவிடும். ஊர்ப்பெயருடன் வட்டம், மாவட்டம், ஆயத்தொலைவு எண்கள் மூன்றையும் எழுதினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

அடுத்தது இறந்தோர் எண்ணிக்கை. இலங்கையில் 2019 ஈஸ்டர் ஞாயிறு தாக்குதல்களில் 359 பேர் இறந்ததாக முதலில் அறிவித்தார்கள். சிதைந்த உடல்களை இருமுறை எண்ணியதால் வந்த பிழை அது என்று சொல்லி, சில நாளில் சுகாதார அமைச்சகமே 253 என்று குறைத்தது. பிறகு மருத்துவமனையில் இறந்தவர்களைச் சேர்த்து எண்ணிக்கை 260-ஐத் தாண்டியது. எந்தத் தேதியின் எண் என்று குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதினால் பயனில்லை. தற்கொலைத் தாக்குதலாளியையும் சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் குறிக்க வேண்டும். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் எழுதி, எதை ஏன் ஏற்றோம் என்று ஒரு வரி சேர்த்தால் பத்து ஆண்டு கழித்து வருபவருக்கும் உதவும்.

மூன்றாவது தவறு தரவுத்தளத்தைப் பயன்படுத்துவோர் செய்வது. மேரிலாந்து தரவு 1970-லிருந்து தொடங்குகிறது, ஆனால் 1993-ஆம் ஆண்டு இல்லை. முதலில் சேகரித்த தனியார் நிறுவனத்தின் அட்டைப்பெட்டிகளில் அந்த ஆண்டுக்கானவை அலுவலகம் மாறும்போது தொலைந்துபோயின. வரைபடத்தில் அந்த ஆண்டு பூஜ்ஜியமாக விழுவதைப் பார்த்து, அமைதி நிலவிய ஆண்டு என்று எழுதியவர்கள் உண்டு. 1997-க்குப் பிறகு சேகரிக்கும் குழுவும் முறையும் பலமுறை மாறின. 2012-க்குப் பிறகு எண்ணிக்கை எகிறுவதில் ஒரு பகுதி, கணினி அதிகச் செய்திகளைத் துழாவத் தொடங்கியதால் வந்தது. முறை மாறிய ஆண்டில் வரைபடத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுக் காட்டுங்கள்.

இருவர் பதிவு ஒத்துப்போகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஒரே 50 செய்திகளை இருவரிடம் தனித்தனியே கொடுத்து, வரையறைக்குப் பொருந்துகிறதா என்று ‘ஆம்’, ‘இல்லை’ குறிக்கச் சொல்லுங்கள். 44-ல் ஒத்துப்போகிறார்கள் என்றால் 88 சதவீதம், பிரமாதம் என்று தோன்றும். இருவரும் ஆளுக்கு 46 செய்திகளை ‘ஆம்’ என்றும் 4 செய்திகளை ‘இல்லை’ என்றும் குறித்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 85 சதவீதம் ஒத்துப்போகும். 0.92-ஐ 0.92-ஆல் பெருக்கி, 0.08-ஐ 0.08-ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 0.8528. இதற்கு மேல் சாதித்தது 0.0272. சாதிக்க இருந்த மிச்சம் 0.1472. வகுத்தால் 0.18. கோஹன் கப்பா என்று சொல்வது இதைத்தான். 0.8 வந்தால் நல்லது. 0.6-க்குக் கீழே போனால் விதிப்புத்தகத்தைத் திருத்தி எழுத வேண்டும். ஆட்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலே சொன்ன கணக்கில் ‘இல்லை’ என்று இருவரும் ஒரு செய்தியில் மட்டும் ஒத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். சிக்கலான செய்திகள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

மனிதர்களை நேரில் பேட்டி எடுப்பதற்கு என்ன முறை?

நீலகிரியில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி வந்தவர்களில் பல குடும்பங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பகுதிகளில் இருக்கின்றன. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ அவர்களுக்கு வேலை தருவதற்காகவே வளர்ந்தது. இலங்கையின் 1983 கலவரத்தைக் கண்டவர்களும் உறவினரை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. வன்முறையும் இடப்பெயர்வும் பற்றிய ஆய்வுக்கு அவர்கள் முதன்மைச் சாட்சிகள். அதனாலேயே மிகுந்த கவனம் வேண்டும்.

முதலில் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி. அது கையில் வரும்வரை ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. ஒப்புதலைத் தமிழில், ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் தயாரியுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்யுங்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதை ஆரம்பத்திலும் நடுவிலும் சொல்லுங்கள். இலை பறிக்கும் நேரத்திலும் எடை போடும் நேரத்திலும் போகாதீர்கள், அவர்களின் கூலியில் கைவைக்கிறீர்கள். மேற்பார்வையாளர் மூலமாக ஆள் சேர்க்கவும் கூடாது. அவர் சொன்னால் ‘வேண்டாம்’ என்று யாரால் சொல்ல முடியும்? லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சுவர் மெல்லியது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். எங்கே பேச வசதி என்று அவர்களையே கேளுங்கள். வயதானவர்களிடம் ‘அண்ணே’, ‘அம்மா’, ‘தாத்தா’ என்று முறை சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். ‘நீங்க எந்தத் தோட்டத்துலேர்ந்து வந்தீங்க?’ என்று கேட்டாலே பாதிக் கதை வந்துவிடும். ‘யார் கொன்றார்கள்’ என்று முதல் நாளில் கேட்பது தவறு.

பெயரை மாற்றினால் அடையாளம் மறைந்துவிடாது. ‘கோத்தகிரி அருகே கணக்குப்பிள்ளையாக இருந்தவர், ஒரு மகன் கனடாவில்’ என்று எழுதினால் அந்த ஊரில் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஊர், தொழில், குடும்ப விவரம் மூன்றில் இரண்டை மங்கலாக்குங்கள். பெயருக்கும் குறி எண்ணுக்கும் உள்ள தொடர்பைத் தனிக் கோப்பில், கடவுச்சொல் போட்டு, வேறு கருவியில் வையுங்கள். ஒரு மணிநேர ஒலிப்பதிவை எழுத்தாக்க ஆறிலிருந்து எட்டு மணிநேரம் ஒதுக்குங்கள். மலையகப் பேச்சுவழக்கைப் புரிந்துகொள்ளாத மென்பொருளை நம்பினால் திருத்தவே அதைவிட அதிக நேரம் போகும்.

காப்பாற்ற முடியாத வாக்குறுதியை மட்டும் கொடுக்கவே கூடாது. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரைப் பேட்டி எடுத்தது. இறக்கும்வரை வெளியிட மாட்டோம் என்று சொல்லப்பட்டது. 2011-ல் பிரிட்டன் கேட்டதால் அமெரிக்க நீதிமன்ற ஆணை வந்தது. 2013-ல் சில ஒலிநாடாக்கள் வட அயர்லாந்து காவல்துறையின் கைக்குப் போயின. பிறகு கைதுகளும் நடந்தன. ஆகவே ஒப்புதல் தாளில் ‘சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்ற சொற்கள் இருக்க வேண்டும். குறிப்பிட்ட குற்றத்தின் விவரத்தைச் சொல்ல வேண்டாம் என்று பேட்டிக்கு முன்பே கேட்டுக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு.

தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் வெளியீடுகளைப் பதிவிறக்கினால் சிக்கல் வருமா?

வரலாம். 2008-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் ஒரு முதுநிலை மாணவர் ஆய்வுக்காக அல்கொய்தா கையேடு ஒன்றைப் பதிவிறக்கியதற்காகப் பல நாள் காவலில் வைக்கப்பட்டார். குற்றச்சாட்டு இல்லாமல் விடுவிக்கப்பட்டாலும் அந்த நாட்கள் திரும்பி வராது. எனவே தேடத் தொடங்குவதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தில் எந்தப் பொருள், எதற்காக என்று எழுதி, வழிகாட்டியின் கையொப்பத்தையும் துறையின் அனுமதியையும் வாங்குங்கள். மையத்தின் கணினியில் மட்டும் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் நண்பருக்குக்கூட அனுப்பக் கூடாது. பஸ்ஸில், இணையக் கடையில் திறக்கக் கூடாது. இளநிலை மாணவர்களுக்கு இவை தேவையே இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளும் விசாரணை ஆணைய அறிக்கைகளும் போதும், அவற்றில் விவரமும் அதிகம்.

நாள் முழுக்க இதையே படித்தால் மனதைப் பாதிக்காதா?

பாதிக்கும். தூக்கம் கெடுவதும், கூட்டமான இடத்தில் பதற்றம் வருவதும் முதல் அறிகுறிகள். காணொளியை ஒலி இல்லாமல், சிறிய கட்டத்தில், கறுப்பு வெள்ளையில் பார்ப்பது பழக்கமான முறை. இரவில் பார்க்க வேண்டாம், தனியாகவும் வேண்டாம். பதிவுக்குத் தேவையானது கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள். குழந்தைகள் தொடர்பான சம்பவங்களைப் பதிய மறுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும். அந்த உரிமை இல்லாத குழுவில் சேராதீர்கள்.

தமிழ் வழியில் படித்தவர்கள் வர முடியுமா? என்ன படிக்க வேண்டும்?

வரலாம், தமிழே ஒரு தகுதி. இலங்கைப் போர், தமிழகச் சம்பவங்கள் பற்றி வெளிநாட்டு மையங்களில் எழுதப்படுவதில் பெரும்பகுதி ஆங்கிலச் செய்திகளை மட்டும் நம்புகிறது. தமிழ் நாளிதழ்களின் பழைய பிரதிகளைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே அரிது. ஆங்கிலத்தில் எழுதப் பழக வேண்டும், அதற்கு மாற்று இல்லை. அரசியல் அறிவியல், வரலாறு, உளவியல், புள்ளியியல், சட்டம் எதிலிருந்தும் வரலாம். பட்டப்படிப்பின்போதே அடிப்படைப் புள்ளியியலும், ஆர், பைத்தான் என்ற கணினி நிரல்மொழிகள் இரண்டில் ஒன்றும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டுமே இலவசம். பிரிட்டனில் முதுநிலைப் படிப்பு ஓராண்டு. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், அதை இப்போதே திட்டமிடுங்கள்.

மலையில் இருந்துகொண்டே எதைத் தொடங்கலாம்?

சிறியதாக, முடிக்கக்கூடியதாக. ஒரு மாவட்டம், பத்து ஆண்டு, ஒரு தமிழ் நாளிதழ், ஓர் ஆங்கில நாளிதழ் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், வாரத்துக்கு ஆறு மணிநேரம் உழைத்தால் ஓர் ஆண்டில் முடியும். தமிழில் வந்து ஆங்கிலத்தில் வராத சம்பவங்கள் எத்தனை என்பது மட்டும் தெரிந்தாலே அது நல்ல ஆய்வுக் கட்டுரை. முதல் 20 செய்திகளைப் பதிந்ததும் நிறுத்தி, விதிகளைத் திருத்தி, அந்த இருபதையும் மறுபடி பதியுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள் ஆறாவது மாதத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

மேரிலாந்து தரவைப் பெற, பயன்பாட்டு விதிகளை ஏற்றுப் படிவம் நிரப்ப வேண்டும். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள், நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவரிசைகள். பழைய மடிக்கணினியில் எக்செல் திறந்தால் உறைந்துவிடும். ஆர் மூலம் இந்தியா, இலங்கை வரிசைகளை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டால் வேலை எளிது. கோடையிலேயே பதிவிறக்கிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கி, பந்தலூர் பக்கம் மரம் விழுந்து மின்சாரம் போனால் இணையம் திரும்ப நாளாகும். அன்றன்றைய பதிவைப் பென்டிரைவில் ஒரு பிரதி, இன்னொருவர் வீட்டில் ஒரு பிரதி என்று தேதி போட்டு வையுங்கள். ஈரக்காற்றில் பென்டிரைவும் கெடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போடுங்கள்.